‘வேண்டாம்’ என்று பெயர் வைத்த லேயர்

எங்கள் கடையில் செத்தவர்கள் எல்லோரும் ஒரே ஃபைலில் இருக்கிறார்கள். தாராவியில் ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடைகளில் அநேகமாக இதுதான் வழக்கம். கண்ணீர் அஞ்சலிக்கென்று ஒரு ஃபைல். மேலே ஒரு கண், கண்ணிலிருந்து ஒரு சொட்டு, நடுவில் மாலை, மாலைக்குள் முகம், கீழே ‘இப்படிக்கு’. ஒருவர் போனால் அவர் முகத்தை மாலைக்குள் வைப்பேன். அச்சுக்கு அனுப்பியதும் அந்த முகத்தை மறைத்துவிட்டு, அடுத்தவரை அதற்கு மேலே வைப்பேன். அழிப்பது கிடையாது. வருஷம் திரும்பினால் அதே குடும்பம் நினைவஞ்சலிக்கு வந்து நிற்கும். அப்போது மறுபடியும் காது ஓரம், முடி ஓரமெல்லாம் வெட்டிக்கொண்டு உட்கார எனக்கென்ன தலையெழுத்தா? அதனால் ஒருவர்மேல் ஒருவராக அடுக்கி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு அடுக்கும் ஒரு லேயர்.

அடுக்கு ஏற ஏறத் தேடுவது பெரும்பாடாகிவிட்டது. திரையின் வலது ஓரத்தில் லேயர்கள் வரிசையாக நிற்கும், மவுஸ் உருளையை உருட்டிக்கொண்டே போகவேண்டும். எங்கள் மவுஸோ ஒருமுறை உருட்டினால் இரண்டு முறை குதிக்கும். புது மவுஸ் கேட்டால் முதலாளி நாளைக்கு என்பார். அவருடைய நாளை வருவதற்குள் நானே அந்த ஃபைலுக்குள் போய்விடுவேன் என்று தோன்றிய ஒரு நாளில்தான் கீபோர்டில் தேடுகிற வழியைக் கண்டுபிடித்தேன். இடது கையால் இரண்டு பட்டன்களைச் சேர்த்து அழுத்தினால் திரை நடுவில் சின்னதாக ஒரு பெட்டி திறக்கும். அதில் பெயரை அடிக்க ஆரம்பித்ததுமே, அந்த எழுத்துகளில் தொடங்குகிற லேயர்கள் கீழே வந்து நிற்கும். எது வேண்டுமோ அதில் என்டரைத் தட்டினால் நேரே அங்கே கொண்டுபோய் விட்டுவிடும். மறைந்து கிடக்கிற லேயராக இருந்தாலும் சரி. மவுஸைத் தொடவே வேண்டாம்.

ஆனால் தேடினால் கிடைக்க வேண்டுமென்றால் முதலில் பெயர் வைத்திருக்க வேண்டும். தமிழில் வைக்க வழியில்லை. எங்களிடம் இருப்பது பழைய தமிழ் எழுத்துரு. திரையில் ‘அன்னாரின் ஆன்மா’ என்று தெரிவது, லேயர் வரிசையில் பூனை கீபோர்டில் நடந்ததுபோல இங்கிலீஷ் எழுத்துகளாகக் கிடக்கும். அதனால் ஒவ்வொரு படத்துக்கும் நானே இங்கிலீஷ் எழுத்தில் பெயர் வைக்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் இறந்தவர் பெயரைச் சொல்வதில்லை. எங்கப்பா போயிட்டாரு என்பார்கள், எங்கம்மா என்பார்கள். பெண்டாட்டி வந்தால் அதுவும் இல்லை, வெறும் ‘அவுக’. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண்கள் புருஷன் செத்த பிறகும் பெயரை வாயில் எடுக்க மாட்டார்கள், பெரிய பிள்ளையைத்தான் சொல்லச் சொல்வார்கள். நானும் காதில் முதலில் விழுந்ததை அப்படியே அடித்துவிடுவேன். அப்பா, கண்ணாடி அப்பா, துண்டு போட்ட அப்பா, அம்மா, மாமா, அவுக. விவரம் தெரிந்த டிசைனர் யாரும் இப்படிச் செய்ய மாட்டார்கள். செம்பூரில் பெரிய ஸ்டூடியோவில் வேலை பார்க்கிற ஒரு பெண் இதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், அவள் ஃபைலில் யாரும் அழுதுகொண்டு வந்து நிற்பதில்லை.

இன்னொரு பெயரும் உண்டு. அது கொடை ஃப்ளெக்ஸில் வருவது. கொடை என்பது எங்கள் ஊர்க்காரர்கள் அம்மனுக்கு எடுக்கிற திருவிழா. ஃப்ளெக்ஸில் அம்மன் நடுவில் இருப்பாள், மிச்ச இடமெல்லாம் தலைகள். மேலே விழாக் கமிட்டிப் பெரியவர்கள், கீழே வரிசை வரிசையாக இளவட்டங்கள். அம்மனைவிடத் தன் தலை சின்னதாக இருக்கிறது என்று சண்டைக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அச்சுக்குப் போகிறவரை பஞ்சாயத்து ஓயாது. காலையில் வந்து அவன் தலையை எடு என்பார்கள், சாயங்காலம் சமாதானமாகி அவனையும் போட்டுவிடு என்பார்கள். இவர்களை நம்பி எதையாவது அழிக்க முடியுமா? எடுக்கச் சொன்ன தலைக்கு இருந்த பெயரை மாற்றி ‘வேண்டாம்’ என்று வைத்து மறைத்துவிடுவேன். திரும்பக் கேட்டால் ‘வேண்டாம்’ என்று தேடிப் பிடித்துத் திறந்துவிடுவேன்.

போன மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் அந்தப் புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள். பக்கத்துச் சந்தில், இங்கே கல்லி என்போம், தோல் பை தைக்கிற பட்டறை வைத்திருப்பவர் அவர், கொடைக் கமிட்டியிலும் உண்டு. வயதில் மூத்தவர் என்பதால் எனக்கு அண்ணாச்சி, அவர் பெண்டாட்டி மயினி. மயினி மட்டும் உள்ளே வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள். அண்ணாச்சி வாசல் தார்பாய்க்குக் கீழே ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். மழை அவர் தோளில் ஒரு பக்கமாக அடித்தது. நகர்ந்து நிற்கவில்லை.

“அவம் படம் ஒண்ணு வேணும் தாயி,” என்றாள் மயினி. “போலீஸ்ல கேக்காவ.”

அவர்களுடைய ஒரே மகனைக் காணவில்லை. அவன் வீட்டைவிட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்தச் சங்கதி எங்கள் கல்லிக்கே தெரியும். பட்டறையின் பசை வாசம் அவனுக்கு மூச்சிரைப்பைக் கொண்டுவந்தது. நான் பைக்கில் டெலிவரிக்குப் போகிறேன் என்றான், பட்டறையை யார் பார்ப்பார்கள் என்று இவர் கத்தினார். கடைசியில் அவன் துணிப்பையை எடுத்துக் கல்லி முனையில் வீசினார். அவன் திரும்பி வந்து அப்பாவைக் கைநீட்டி அடித்துவிட்டான், அதுவும் காலை நேரம், குழாயடியில் அத்தனை பேர் நிற்கும்போது. அன்றைக்குப் போனவன் வடாலாவில் வடக்கத்திப் பையன்களோடு அறை எடுத்துத் தங்கினான். இப்போது அந்தப் பையன்கள் போன் செய்து, நாலைந்து நாளாக ஆள் வரவில்லை, போனும் ஸ்விட்ச் ஆஃப் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்களிடம் இருந்த படங்களிலெல்லாம் தலையில் ஹெல்மெட், இல்லையென்றால் கண்ணில் கூலிங் கிளாஸ். முகம் நேராகத் தெரிகிற மாதிரி ஒன்று கொண்டுவாருங்கள் என்று போலீஸில் சொல்லியிருக்கிறார்கள்.

வீட்டில் ஏன் படம் இல்லை என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

“எல்லாத்தையும் இவுக அழிச்சிட்டாவ,” என்றாள் மயினி. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள். அவர் தன் போனில் இருந்ததை அழித்திருக்கிறார், மயினியின் போனில் இருந்ததையும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்திருக்கிறார். சுவரில் மாட்டியிருந்த படத்தை எடுத்துப் பட்டறைக் கழிவோடு போட்டிருக்கிறார். மிஞ்சியது பள்ளிக்கூட ஐடி கார்டு ஒன்றுதான். அதில் அவனுக்கு மீசைகூட முளைக்கவில்லை. ஆதார் கார்டை அவன் கையோடு கொண்டுபோயிருந்தான்.

“கொடை போர்டுக்குப் படம் குடுத்தாம்லா. பொறவு கமிட்டியில என்னமோ சொல்லி எடுத்துட்டாவளாம். ஒங்கிட்ட இருந்தா குடு தாயி.”

அவன் வீட்டைவிட்டுப் போன அந்த வருஷத்துக் கொடை ஃபைலைத் திறந்தேன். எங்கள் கம்ப்யூட்டர் அதைத் திறக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் மயினி மூச்சுவிட்டாளா என்றே தெரியவில்லை. ஃப்ளெக்ஸ் வந்ததும் தலைகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே போனாள். அவன் இல்லை. நான் இரண்டு பட்டன்களை அழுத்திப் பெட்டியைத் திறந்து அவன் பெயரை அடித்தேன். ஒன்றும் வரவில்லை. எங்கள் பெயர்களை இங்கிலீஷில் எழுதுவதற்கு ஆளுக்கொரு வழி இருக்கிறது. ஒரு ஹெச் கூட்டி அடித்தேன், குறைத்து அடித்தேன், கடைசி எழுத்தை மாற்றி அடித்தேன். கமிட்டிக்காரர் பிள்ளையாயிற்றே, அந்த முறையில் ஏதாவது வைத்திருப்பேனோ என்று மகன் என்றுகூட அடித்துப் பார்த்தேன். பெட்டி காலியாகவே இருந்தது. மயினிக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது. ஆனால் காலிப் பெட்டி என்றால் என்ன என்று அதற்குள் தெரிந்துகொண்டுவிட்டாள். ஒவ்வொரு தடவையும் நான் திரும்பிச் சொல்வதற்கு முன்பே சரி தாயி, சரி தாயி என்றாள்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எனக்கு அழுகை வந்தால் எரிச்சலாகத்தான் வெளியே வரும். கீபோர்டை ஓங்கித் தட்டினேன். அப்போதுதான் வாசலிலிருந்து அண்ணாச்சி பேசினார். முகத்தைத் திருப்பவில்லை.

“பேரப் போட்டுத் தேடாத. வேண்டாம்னு போட்டுத் தேடு.”

எனக்கு உடனே புரியவில்லை.

“கமிட்டி சொல்லல. நாந்தாம் எடுக்கச் சொன்னேன். நீ அப்பம் அப்டித்தான அடிச்ச.”

அப்போதுதான் ஞாபகம் வந்தது. கொடைக்கு இரண்டு நாள் முன்னால் தனியாக வந்திருந்தார். என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, கீழ் வரிசையில் மகன் தலையைக் காட்டி, இது வேண்டாம் என்றார். எத்தனையோ பேர் சொல்கிற சொல்தானே, நானும் அடித்து மறைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். கம்பெனிப் பைகளில் இங்கிலீஷ் முத்திரை தைத்துத் தைத்து அவருக்கு அந்த எழுத்துகள் வாசிக்க வரும். அவர் தன் கையால் அழித்ததெல்லாம் சுத்தமாக அழிந்துபோய்விட்டது, என்னை அழிக்கச் சொன்னது மட்டும் பாக்கி இருந்தது.

மயினி அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு திரையையே பார்த்தாள். எனக்கு அந்த மனிதர்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. வயதில் மூத்தவர், அடி வாங்கிய தகப்பன், எல்லாம் சரி. இரண்டு வருஷமாகப் பெண்டாட்டியிடம் கமிட்டியைச் சாக்குச் சொல்லிவிட்டுக் கொடைக்குக் கொடை பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தவர்தானே என்றுதான் நினைத்தேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுக்கப் போகவில்லை.

பெட்டியில் ‘வேண்டாம்’ என்று அடித்தேன். சில வரிகள் வந்தன. முதலாவதில் என்டரைத் தட்டித் திறந்தேன், அது போன கமிட்டியின் பொருளாளர். அடுத்தது யாரோ ஒரு கட்சிக்காரர். அதற்கடுத்ததைத் திறந்ததும் கீழ் வரிசையில் ஒரு குத்துவிளக்குக்கு மேலே அவன் வந்து நின்றான். அவன் போன இடம் ஓட்டையாகத் தெரியக்கூடாதென்று நான்தான் அந்தக் குத்துவிளக்கை அங்கே வைத்திருந்தேன். வெள்ளைச் சட்டை, நெற்றியில் குங்குமம், தண்ணீர் தொட்டு வாரிய தலை. நேரான முகம். இதைவிட நேராக போலீஸுக்கு எதுவும் வேண்டியதில்லை.

மயினி திரையில் அவன் கன்னத்தின்மேல் கையை வைத்தாள். பிறகு, கையை வைத்தபடியே, வலது ஓரத்து லேயர் வரிசையில் அவன் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். அவன் பேருதான் மயினி என்றேன். வாசலில் நின்றவருக்கும் அது கேட்டிருக்கும்.

படத்தைப் பெரிதாக்கி ‘காணவில்லை’ என்று தமிழிலும் ஹிந்தியிலும் மராட்டியிலும் போட்டுக் கொடுத்தேன். கண்ணீர் அஞ்சலி, காதணி விழா, கடை திறப்பு எல்லாவற்றுக்கும் என்னிடம் தயாராக ஃபைல் இருக்கிறது, இதற்கு இல்லை. வெள்ளைத்தாளில் புதிதாகத்தான் செய்தேன். போலீஸுக்கு அனுப்ப அண்ணாச்சியின் போனிலும் படத்தை ஏற்றிவிட்டேன். அவர் போனில் மகன் படம் மறுபடியும் வந்து உட்கார்ந்துகொண்டது. அவர் அதைப் பார்க்காமல் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இருவரும் மழையில் முன்னும் பின்னுமாகப் போனார்கள்.

அதன்பிறகு நான் திலக் நகரிலிருந்து வேலைக்கு வருகிற வழியிலெல்லாம் அந்த நோட்டீஸைப் பார்த்தேன். ஸ்டேஷன் படிக்கட்டில், பஸ் ஸ்டாப்பில், மோனோ ரயில் தூணில். சிலவற்றில் மழை பட்டு மை கரைந்து முகம் ஒழுகியிருந்தது. நான் பார்க்காததுபோலப் போய்விடுவேன். செய்த கைக்கு அதைப் பார்க்கத் தெம்பில்லை.

அடுத்த வாரம் அண்ணாச்சி தனியாக வந்தார். இந்தத் தடவை உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். ஹார்பர் லைனில், ரயில் தண்டவாளத்தின் ஓரம் மகன் கிடந்திருக்கிறான். யாரென்று தெரியாத பிணமாக அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்திருந்திருக்கிறார்கள். இவர்கள் என் கடையில் குத்துவிளக்குக்கு மேலே அவனைத் தேடிப் பிடித்த மத்தியானத்திலேயே அவன் அங்கே வந்து சேர்ந்து சில நாள் ஆகியிருந்தது. விழுந்தானா, யாராவது தள்ளினார்களா, அவனேதானா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. படத்தை வைத்துத்தான் சேர்த்துப் பார்த்தார்களாம். நெற்றியில் முடி இறங்குகிற கோடு ஒத்துப்போயிற்று என்றார். அதைச் சொல்லும்போது தன் நெற்றியில் விரலால் கோடு போட்டுக் காட்டினார்.

மயினி எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

“எங்கூடப் பேசல. சோறு வைக்கா. பேசல.”

கண்ணீர் அஞ்சலி ஃபைலைத் திறந்தேன். இரண்டு பட்டன், மாலை என்று தேடி மாலையைப் பிடித்தேன். கொடை ஃபைலிலிருந்து அவனைக் கொண்டுவந்து மாலைக்குள் வைத்தேன். நெற்றிக் குங்குமத்தை எடுத்துவிடவா என்று கேட்டேன். இருக்கட்டும் என்றார். பிறகு கீழே ‘இப்படிக்கு’க்கு வந்து எனக்குக் கை நின்றுவிட்டது. அந்த இடத்தில் மகன்கள், மகள்கள், மருமக்கள், பேரன் பேத்திகள் என்று தயாராக எழுதி வைத்திருப்பேன், வேண்டியதை வைத்துக்கொண்டு மிச்சத்தை மறைத்துவிடுவேன். இங்கே வைத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் மறைத்துவிட்டு ‘அப்பா, அம்மா’ என்று புதிதாக அடித்தேன். அந்த ஃபைலில் அப்பா எப்போதும் மாலைக்குள்தான் இருப்பார். கீழே வந்தது அன்றைக்குத்தான்.

அண்ணாச்சி ஸ்டூலை நகர்த்திக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்தார். வலது ஓரத்து லேயர் வரிசையைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். மாலைக்குக் கீழே அவன் லேயர் பழைய பெயரோடேயே வந்து உட்கார்ந்திருந்தது. நான் மாற்ற நினைக்கவில்லை. அச்சில் வராத ஒன்றை யார் கவனிக்கப் போகிறார்கள்?

“அது அப்டியேதான் இருக்கு என்ன,” என்றார்.

“அது பிரிண்ட்ல வராதுண்ணாச்சி. எனக்கு அடையாளத்துக்குப் போட்டது.”

“வராட்டியும் மாத்திரு தாயி.”

என்னவென்று போட என்று கேட்டேன். பெயரைச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு அந்த எழுத்துகளையே பார்த்தார். பிறகு வாய் கோணிக்கொண்டது. பட்டறையில் அத்தனை பேரை அதட்டுகிற மனிதர், ஃப்ளெக்ஸ் கடை ஸ்டூலில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதார். அந்த நேரத்துக்கு என் கோபம் எங்கே போயிற்று என்று எனக்கே தெரியவில்லை. எழுந்து போய் ஷட்டரைப் பாதி இறக்கினேன், ரோட்டில் போகிறவர்கள் பார்க்க வேண்டாம் என்று.

“மவன்னு போடு,” என்றார்.

மகன் என்று அடிக்கப் போன விரலை நிறுத்தி, அவர் சொன்னபடியே எம், ஏ, வி, ஏ, என் என்று அடித்தேன். அவர் ஒவ்வொரு எழுத்தாக வாசித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அடித்த ஃப்ளெக்ஸைக் கல்லி முனையில், அவன் துணிப்பை விழுந்த இடத்துக்கு நேர் மேலே கட்டினார்கள். வேறு கம்பம் இல்லை.

அச்சுக்கு அனுப்பியதும் எல்லோரையும்போல அவனையும் மறைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்த மாலைக்குள் எத்தனையோ அப்பாக்களும் அம்மாக்களும் வந்து போய்விட்டார்கள். அவனை நான் தேடுவதில்லை, தேடவேண்டிய அவசியமும் வரவில்லை. ஆனால் யார் செத்தாலும் முதலில் எனக்கு மாலை வேண்டும். இடது கையால் இரண்டு பட்டன்களை அழுத்தி, எம், ஏ என்று அடிக்கிறேன். பெட்டிக்குக் கீழே மூன்று வரிகள் வந்து நிற்கும். மாலை, மாமா, மவன். அடுத்த எழுத்தை அடிக்கும்வரை அவன் அங்கேயே இருப்பான்.